ஆட்டுக் காது வாங்கிய சைவர்

"மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க. ஆட்டுக் காது எங்க கிடைக்கும்?"

அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தலையில் வைத்த எண்ணெயோடு கதவைத் திறந்தேன். நெற்றி நிறையத் திருநீறு, தேய்த்த அரைக்கைச் சட்டை, கையில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையில் பழுப்பு நிற நாய் ஒன்று. அதன் வாயில் ஒரு செருப்பு. என் செருப்பு. முந்தின நாளிலிருந்து அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி வேலைக்கு வந்தவர்களுக்கான குடியிருப்பு அது. எல்லா ஊர்க்காரர்களும் இருந்தோம். நான் திண்டுக்கல் பக்கம்; நூலகத்தில் வேலை; கல்யாணம் செய்துகொள்ளவில்லை; தரைத் தளத்தில் தனியாக இருந்தேன். அவர் அதே கட்டடத்தில் இரண்டாம் மாடி. மயிலாடுதுறைக்காரர், கருவிகளைப் பழுது பார்க்கும் பிரிவில் இருந்தார். அவரும் தனி ஆள்தான். அலுவலகப் பேருந்தில் முகம் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

நாய் அவருடையதே அல்ல. வடக்கே மாற்றலாகிப் போன ஒருவர் விட்டுவிட்டுப் போனது. அந்த வீட்டுப் பிள்ளைகள் அதற்கு 'பிஸ்கட்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது பிஸ்கட்டைத் தவிர எல்லாவற்றையும் கடித்தது. செருப்பு, ஸ்கூட்டர் சீட்டு, கதவு நிலை, டிவி ரிமோட். செங்கல்பட்டில் ஒரு கால்நடை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். "இதுக்கு வியாதியும் இல்ல, பசியும் இல்ல சார். பல்லுக்கு வேலை வேணும். ஆட்டுக் காது, கோழிக் கால், தொண்டைக் குழல், இதையெல்லாம் காய வெச்சுக் குடுங்க, உங்க செருப்பு பிழைக்கும்" என்றாராம் மருத்துவர்.

"அதுக்கு என்கிட்ட எதுக்கு வந்தீங்க?" என்றேன்.

அவர் கொஞ்சம் தயங்கினார். "உங்க வீட்லேர்ந்து ஞாயித்துக்கெழமை மீன் கொழம்பு வாசனை வரும். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு…"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவரும் சிரித்தார். நாய் செருப்பைக் கீழே போட்டுவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

அவர் பரம்பரைச் சைவம். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டார். ரயிலில் எதிர்சீட்டுக்காரர் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தால் எழுந்து வாசலருகே போய் நின்றுவிடுவார். கொள்கை, வாதம் எதுவும் கிடையாது. வாசனை ஆகாது, வயிற்றைப் புரட்டும், அவ்வளவுதான். அப்படிப்பட்டவரைத்தான் சதுரங்கப்பட்டினம் கறிக்கடைக்கு அழைத்துக்கொண்டு போனேன். அவர் தன் ஸ்கூட்டரில் வந்தார், நான் என்னுடையதில்.

கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, டச்சுக் கோட்டைச் சுவரைப் பார்த்தபடி நின்றார். நான்தான் கேட்டேன்.

கடைக்கார பாய் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "காதா? தலை கேப்பாங்க, காலு கேப்பாங்க. காது மட்டும் இன்னாத்துக்குமா?"

"நாய்க்கு," என்றார் இவர், சுவரைப் பார்த்தபடியே.

"நாய்க்கா! அத்த மொதல்ல சொல்றதில்ல? அப்ப முடியப் பொசுக்க வோணாம். முடியோட காயப் போட்டுக் குடு சார். எங்க வூட்டு நாயிக்கும் அப்டித்தான். தொண்டக் கொழா கீது, கால் கொளம்பு கீது, மூக்கு கீது. எல்லாம் தூக்கிப் போடறதுதான். எது வோணும்?"

அப்போதுதான் அவர் திரும்பினார். தொங்கிய ஆடுகளுக்கு நேரே, மூக்கை மூடாமல் நின்று கேட்டார்: "அதுக்கு எது பிடிக்கும்?"

"அத்த என்னிய கேட்டா? நாயக் கேளு சார்."

பாய் விளையாட்டுக்குச் சொன்னது. இவர் அதை அப்படியே செய்தார். எல்லாவற்றிலும் ஒவ்வொன்று வாங்கி, என் கொல்லைப்புறத்தில் செய்தித்தாளை விரித்து, வரிசையாக வைத்து, நாயை அவிழ்த்துவிட்டார். தான் கொஞ்சம் தள்ளிக் குந்தி உட்கார்ந்துகொண்டார். நாய் காதை முகர்ந்தது. குளம்பைக் காலால் தள்ளிப் பார்த்தது. மூக்கை ஒதுக்கியது. கடைசியில் தொண்டைக் குழலைக் கவ்விக்கொண்டு கொய்யா மரத்தடிக்கு ஓடியது.

"தொண்டைக் குழல், மேடம்!" என்றார். தேர்வு முடிவு வந்த பையன் மாதிரி இருந்தது முகம். அடுத்த நிமிடம் துணி துவைக்கும் கல் பக்கம் போய் வாந்தி எடுத்தார். வாயைக் கொப்புளித்துவிட்டு வந்து, "அடுத்த வாரமும் போகணும், இல்ல?" என்றார்.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இதுதான். தன் வயிற்றைப் புரட்டுகிற ஒன்றை இன்னொரு உயிருக்குப் பிடிக்கிறது என்பதற்காகத் தேடிப்போய் வாங்கி வந்து, அது கடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவர். அதில் தியாகம் செய்கிற முகபாவமே இருக்காது. பையை நான் தூக்குகிறேன் என்றால் விடமாட்டார். "நாய் என்னுது மேடம்" என்பார்.

காயப் போடுவதுதான் பெரிய பாடாக இருந்தது. முதலில் மொட்டைமாடியில், கொசுவலையைக் கட்டி அதற்குள் வைத்தார். காக்கை வலையைக் கிழித்தது. பகலெல்லாம் காய்ந்தது மாலைக் கடல் காற்றில் மறுபடி நமுத்துப்போனது. அதற்குள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் அவர் வீட்டுக்கே வந்துவிட்டார். அன்றைக்கு நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டு இறங்கும்போது காதில் விழுந்தது.

"சார், இந்தக் கட்டடத்துல சுத்த சைவக் குடும்பங்கள் இருக்கு. மாடியில ஆட்டுக் காதும் கோழிக் காலும் தொங்குனா எப்படி?"

"தெரியும் சார். நானும் அதுல ஒண்ணு. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

"அப்ப என்னதான் பண்றது சார்?" என்று செயலாளர் இவரிடமே யோசனை கேட்டார்.

"கீழ என் வீட்டுக் கொல்லையில வெச்சுக்கங்க," என்றேன் படிக்கட்டிலிருந்து. சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது எனக்கே உறைத்தது.

ஒரு பழைய இரும்பு அலமாரியைக் கொண்டுவந்து என் கொல்லையில் நிறுத்தினார். கதவில் துளைகள் போட்டு, உள்ளே ஒரு பல்பும், பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய சின்ன மின்விசிறியும் பொருத்தினார். காது ஒரு நாளில் அப்பளம் போல் ஆனது. கோழிக் கால் சுருங்கி மரக்குச்சியாக நின்றது. மீன் ஏலம் விடும் இடத்தில் திருக்கைத் தோலைக் கேட்டு வாங்கி வந்து அதையும் சுருட்டிக் காய வைத்தார். "இத்த யாரு துன்னுவா நைனா?" என்று அந்த மீன்காரம்மா கேட்டதை வந்து எனக்கு நடித்துக் காட்டினார். இப்போது படூர்ப் பக்கம் செல்லப்பிராணிக் கடைகளில் இவையெல்லாம் பளபளக்கும் உறையில் தொங்குகின்றன. அன்றைக்கு எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. எங்களுக்கு அந்த அலமாரிதான் தெரியும்.

தினமும் வேலை முடிந்து வந்ததும் கொல்லைக் கதவைத் தட்டுவார். அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் போடுவார். நான் காப்பி கொடுப்பேன். அவர் காப்பியைக் குடிக்கும் நேரம் பிஸ்கட் எதையாவது கடித்துக்கொண்டிருக்கும். அது பல்லில் நொறுங்கும் சத்தம், பின்னால் கடல். நாங்கள் பெரிதாக ஒன்றும் பேசிக்கொண்டதில்லை. அலுவலகம், தண்ணீர் வராதது, யாருடைய பெண்ணுக்கு எங்கே கல்யாணம். அவருக்கு நான் மேடம், எனக்கு அவர் சார். கடைசி வரைக்கும் அப்படியே.

மாமல்லபுரத்துக்கும் நாயோடு போவோம், கூட்டம் இல்லாத பொழுதாகப் பார்த்து. ஒருமுறை நான் இளநீர் வாங்கினேன்; அவரும் இளநீர் என்றார். இவருக்கு இளநீர் பிடிக்கும் போல என்று வைத்துக்கொண்டேன். அடுத்த முறை நான் நுங்கு கேட்டேன், அவரும் நுங்கு. அதற்கடுத்த முறை வேண்டுமென்றே, "எனக்கு ஒண்ணும் வேணாம், உங்களுக்கு என்ன வேணுமோ வாங்குங்க" என்றேன். கடைகளை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு நாய்க்குத் தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்தார்.

எனக்குச் சிக்குன்குனியா வந்ததே, அதைச் சொல்ல வேண்டும். கை கால் மூட்டெல்லாம் பூட்டிக்கொண்டது. தம்ளரைப் பிடிக்க முடியாது. ரசமும் இட்லியும் அவர்தான் கொண்டுவந்து வைத்தார், கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டம்மாவையும் கூப்பிட்டுக்கொண்டு. காய்ச்சல் பிதற்றலில் நான் சொல்லியிருக்கிறேன்: "எங்க ஊரா இருந்தா இந்நேரம் ஆட்டுக்கால் சூப்பு வெச்சுக் குடுத்துருப்பாங்க."

மறுநாள் மத்தியானம் கண் விழித்தபோது என் அடுப்படியில் பாத்திரச் சத்தம். மிளகும் சீரகமும் வறுபடும் வாசனை. மூக்கையும் வாயையும் துண்டால் இறுகக் கட்டிக்கொண்டு, கைப்பேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு நிற்கிறார். அதிலிருந்து பாயின் மனைவியின் குரல் எனக்கும் கேட்டது.

"இன்னும் வேவணும் அண்ணாத்த. அவசரப்படாத. எலும்பு வழவழன்னு வரும், அப்பத்தான் எறக்கணும்."

"வழவழன்னா எப்படிம்மா? தொட்டுப் பாக்கணுமா?"

"தொட்டுத்தான் பாரேன். கடிச்சா பூடும்?"

தொட்டுப் பார்த்தார். நான் படுத்த இடத்திலிருந்து அவர் முதுகு மட்டும் தெரிந்தது. தோள்கள் ஒருமுறை குலுங்கின. சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கரண்டியை எடுத்துக் கிளறினார்.

கிண்ணத்தை என் பக்கத்தில் வைத்துவிட்டுச் சொன்னார்: "உப்பு எப்படி இருக்குன்னு தெரியலை மேடம். என்னால பாக்க முடியாது. பிஸ்கட்டுக்குக் கொஞ்சம் ஆற வெச்சு ஊத்தினேன். அது ஒண்ணும் சொல்லாம குடிச்சிருச்சு."

உப்பே போட்டிருக்கவில்லை. நான் ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். எனக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. வீட்டை விட்டு வந்த பிறகு என் அடுப்பை ஒருவர் எனக்காக மூட்டியது அதுதான் முதல் தடவை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவர் காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டார்.

அவருடைய அம்மா ஒருமுறை வந்து தங்கினார். சிறிய உருவம், கட்டையான குரல், பூஜை முடியாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவர். இவர் என்ன செய்யப்போகிறாரோ என்று எனக்குத்தான் படபடப்பு. இவர் எதையும் மறைக்கவில்லை. வழக்கம்போல் மாலையில் வந்தார், அலமாரியைத் திறந்தார். பிஸ்கட்டுக்கு அப்போது வயதாகிவிட்டது, முன்பல் தேய்ந்துவிட்டது. தொண்டைக் குழலின் ஒரு முனையை அவர் கையால் பிடித்துக்கொள்ள, அது மறுமுனையை மெல்ல மெல்லக் கடிக்கும். அப்படிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அம்மா பின்னாலேயே வந்து நின்றுவிட்டார்.

"என்னடா அது?"

"ஆட்டுத் தொண்டைம்மா. இதுக்குப் பிடிக்கும்."

அம்மா ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கொய்யா மரத்தடியில் இருந்த கல்லில் சேலையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார். என்னிடம் சொன்னார்: "இவங்கப்பா சுருட்டு பிடிப்பாரு. அந்த நாத்தம் எனக்கு ஆகாது. வாயும் வயிறுமா இருக்கறப்பகூட நான்தான் கடைக்குப் போயி வாங்கிட்டு வருவேன். அவரு சொல்லல, நானாத்தான். அப்புறம் கொல்லைல போயி வாந்தி எடுப்பேன். இவனும் அப்பிடியே வந்திருக்கான் பாரு." மகனிடம் திரும்பி, "குளிச்சிட்டு வீட்டுக்குள்ள வா" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஊருக்குப் போன அந்த அம்மா அடுத்த மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். கல்பாக்கத்துக்கு வந்து இருக்கமாட்டேன், என் வீட்டில்தான் சாவேன் என்றார். இவர் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துதான் என்னிடம் சொன்னார். வழக்கமான காப்பி நேரம்.

"பிஸ்கட்ட இங்கயே விட்டுட்டுப் போறேன் மேடம். உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா. அதுக்கு இந்தக் கொல்லைதான் பிடிக்கும். அங்க கட்டிப்போடணும்."

"அதுக்குப் பிடிக்கும், சரி. அம்மாவுக்கு நீங்க வரணும், அதுவும் சரி." என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. "உங்களுக்குப் போகணுமா சார்?"

"அம்மாவால எந்திரிக்க முடியலை."

"அதைக் கேக்கலை. உங்களுக்குப் போகணுமான்னு கேட்டேன்."

அவர் என்னை நேராகப் பார்த்தார். அப்படிப் பார்ப்பவர் அல்ல. ஏதோ தெரியாத பாஷையில் கேட்டுவிட்டது போலவும், அந்தப் பாஷையில் ஒரே ஒரு சொல் மட்டும் புரிந்துவிட்டது போலவும் இருந்தது அந்த முகம். உதடு அசைந்தது. அந்த நேரம் பார்த்து மாடியிலிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், சாமான் வண்டிக்காரர் வாடகை பேச வந்திருக்கிறார் என்று. "வரேன்" என்று குரல் கொடுத்துவிட்டு எழுந்தார். காப்பித் தம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

"இருங்க சார்" என்று நான் சொல்லியிருக்கலாம் என்று நினைக்காத நாள் இல்லை. சொல்லியிருந்தால் இருந்திருப்பார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் கேட்டதற்காக இருந்திருப்பார்.

பிஸ்கட் அதற்குப் பிறகு ஒன்றரை மழைக்காலம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான் பாய் கடையில் நிற்கும்போது சரியாக அவர் அழைப்பு வரும். தொண்டைக் குழலை வேகவைத்து நறுக்கிக் கொடுங்கள், காதை ஊறப்போடுங்கள் என்பார். பின்னால் அம்மாவின் குரல் கேட்கும், ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கும். பிஸ்கட் இறந்துபோன அன்று சொன்னதும் முதல் பேருந்தில் வந்துவிட்டார். முடி முழுக்க வெளுத்திருந்தது. கொய்யா மரத்தடியிலேயே குழி வெட்டினார். பாயும் வந்திருந்தார். மண் தள்ளியதும் மூன்று பேரும் கை கழுவிக்கொண்டோம். வெங்காயம்கூடப் போடாமல் நான் சமைத்திருந்தேன். "நீங்க எப்பவும் சாப்பிடறதையே செஞ்சிருக்கலாமே மேடம், நான் தயிர் சாதம் சாப்பிட்டிருப்பேனே" என்றார். மாலையில் பேருந்து ஏறும் முன் ஜன்னலோரத்திலிருந்து, "இனிமே ஞாயித்துக்கெழமை…" என்று ஆரம்பித்தார். வண்டி கிளம்பிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அழைப்பு நிற்கவில்லை. நாய் இல்லாமல் என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. "சாப்பிட்டீங்களா?" "ஆச்சு. நீங்க?" "ஆச்சு." அதற்காக வாரம் முழுவதும் காத்திருந்தேன்.

போன வருடம் அவர் எண்ணிலிருந்து ஒரு செவ்வாய்க்கிழமை அழைப்பு வந்தது. பேசியது அம்மா. காலையில் தனக்கு வெந்நீர் எடுத்துக்கொண்டு வந்த மகன் வாசற்படியிலேயே உட்கார்ந்தாராம். எழுந்திருக்கவே இல்லை.

உடனே போக என்னால் முடியவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் போனேன். சின்ன ஓட்டு வீடு. கட்டிலோடு நகர்த்தி அம்மாவைக் கூடத்தில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். என் கையைப் பிடித்தவர் விடவில்லை. படத்துக்கு முன்னால் வாழையிலை விரித்தாகிவிட்டது. படையலுக்கு, போனவருக்குப் பிடித்ததையெல்லாம் வைக்க வேண்டும். சமையல்காரப் பெண் கரண்டியோடு வந்து நின்றாள்.

"பெரியம்மா, வடை, பொரியல் எல்லாம் ஆச்சு. அண்ணனுக்கு ரொம்பப் பிடிச்சது எதுன்னு சொல்லுங்க, அதை வெச்சுட்டுப் படைச்சிடலாம்."

அம்மா இலையைப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார். "எனக்குத் தெரியலையேம்மா. நான் என்ன கேட்டனோ அதைத்தான் ஆக்கினான். அதையே தானும் தின்னான். பெத்தவ நான், எனக்குத் தெரியலை. நீ இத்தனை வருஷம் பக்கத்துல இருந்தியே. அவனுக்கு என்ன பிடிக்கும்? நீ சொல்லு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு எது பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். பாய்க்கு என்ன சுருதியில் பேசினால் பிடிக்கும் என்று தெரியும். அந்த நாய்க்கு ஆட்டின் உடம்பில் எந்த இடம் பிடிக்கும் என்று தெரியும். நான் ஒவ்வொரு மாலையாக, ஒவ்வொரு தம்ளராகத் துழாவினேன். இளநீர், நுங்கு, நான் கொடுத்த காப்பி. காப்பியாவது பிடித்ததா? நான் கொடுத்ததால் குடித்தாரா?

அந்த முதியவளின் கண்ணில் பயம் இருந்தது. எனக்கும் தெரியாது என்று சொல்லிவிடுவேனோ என்ற பயம். கட்டிலோரம் ஒரு கிண்ணம் இருந்தது, அடியில் காய்ந்த பாயசமும் ஓர் உலர்ந்த திராட்சையும்.

"பால் பாயசம்மா," என்றேன்.

"பாயசமா? எனக்குத்தானே அது பிடிக்கும். அவனுக்குமா?"

"ரொம்பப் பிடிக்கும்னு சொல்வார். நீங்க வெக்கிற மாதிரி யாருக்கும் வராதுன்னு சொல்வார்."

அம்மாவின் முகம் மலர்ந்தது. அழுகையும் அப்போதுதான் வந்தது. "பாத்தியா, எங்கிட்ட சொல்லவே இல்ல பாரு," என்று சமையல்காரப் பெண்ணிடம் சொன்னார். "பால் இருக்கா? நல்லா சுண்டக் காய்ச்சு. அவசரப்படாத. முந்திரி நெறையப் போடு."

படையலை நிறுத்தி வைத்தார்கள். உள்ளே பால் சுண்டும் வாசனை எழுந்தது. இலையில் மற்றதெல்லாம் ஆறிக்கொண்டிருந்தது. எல்லாரும் பாயசத்துக்காகக் காத்திருந்தோம்.